விட்டுவைக்கத் தெரிந்த கிருமி

தோட்டத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஆஸ்பத்திரியில் டிரசர் புட்டியில் ஊற்றித் தருவதும் மருந்து. பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு புல்லின்மேல் அடிப்பதும் மருந்து. நெகிரி செம்பிலானில் ரந்தாவுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன் நான். 'அம்மா எங்கேடா?' என்று யாராவது கேட்டால், 'மருந்தடிக்கப் போயிருக்கு' என்பேன். அந்தச் சொல்லில் ஏதும் பிழை இருப்பதாக அன்று தோன்றவில்லை.

அந்த மருந்து பெரும்பாலும் பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. அதற்குப் பகைவன் யார், பக்கத்து வீட்டுக்காரன் யார் என்ற கணக்கே கிடையாது. பச்சையாக எதன்மேல் பட்டாலும் கருக்கும். லாலாங் புல் கருகும், அதனருகே முளைத்த கீரையும் கருகும், அடிப்பவரின் நகமும் வெளுத்துக் கழலும். தோட்டங்களில் அதை அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் அம்மா சோறு பிசையும்போது இரண்டு விரல்களைத் தூக்கியே வைத்திருப்பார். குழம்பின் காரம் பட்டால் எரியும். மலேசிய அரசு 2002-இல் பாராகுவாட்டை விலக்குவதாக அறிவித்தது; 2006-இல் அந்தத் தடை தளர்ந்தது; முழுத்தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது. அத்தனை காலமும் அதை நாங்கள் மருந்து என்றே அழைத்தோம்.

எங்கள் மாநிலம் உலகுக்குத் தந்த ஒரு சொல்லும் உண்டு. போர்ட்டிக்சன் மாவட்டத்தில், புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில், சுங்கை நிப்பா என்றொரு கிராமம். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கிய மூளைக்காய்ச்சல் மெல்லத் தெற்கே இறங்கி, 1999-இன் தொடக்கத்தில் அங்கிருந்த பன்றிப் பண்ணைகளைச் சூழ்ந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் அந்தப் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தபோது, நோயாளியின் ஊர்ப்பெயரே அதன் பெயரானது: நிப்பா. நாட்டில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதன்பின் எங்கள் பக்கத்தில் வைரஸ் என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள்.

இப்படி, மருந்து என்றால் நம்பிக்கை, வைரஸ் என்றால் சாவு என்று இரண்டு பாடங்களோடு வளர்ந்தேன். இரண்டையும் திருத்தி எழுத வேண்டியிருந்தது பிறகுதான்.

பூமியில் உள்ள வைரஸ்களில் பெரும்பாலானவை மனிதனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவற்றின் இரை பாக்டீரியா. பாக்டீரியோஃபேஜ் என்று அவற்றுக்குப் பெயர், சுருக்கமாக ஃபேஜ். அவற்றின் மொத்த எண்ணிக்கையை ஒன்றின் பின் 31 சுழியம் போட்டு மதிப்பிடுகிறார்கள். லயத்துக்குப் பின்னால் ஓடும் கானில், ஆற்றுச் சேற்றில், நம் குடலில், பாக்டீரியா வாழும் இடமெல்லாம் அவையும் இருக்கின்றன.

அவற்றைத் தேடிய கதையில் இந்திய மண்ணும் வருகிறது. 1896-இல் ஆக்ராவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி மடிவதையும், நீரைக் கொதிக்கவைத்தால் அந்த ஆற்றல் போய்விடுவதையும் எழுதிவைத்தார். அது ஃபேஜின் வேலையாக இருக்கலாம் என்று பின்வந்தவர்கள் பலர் கருதினார்கள். 1915-இல் இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் டுவார்ட் கண்ட தடயத்தை, 1917-இல் பாரிஸில் ஃபெலிக்ஸ் டெரெல் தெளிவாகக் கண்டு பெயரும் வைத்தார். அவருக்கு அது கிடைத்த இடம்தான் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது. சீதபேதியிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர்களின் மலத்தில் அது கிடைத்தது. நோய் கிடந்த இடத்திலேயே நோயின் எதிரியும் கிடந்தது. 1927-இல் அவரே இந்தியாவுக்கு வந்து, பஞ்சாபில் காலராவுக்கு எதிராக ஃபேஜைப் பயன்படுத்திப் பார்த்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஆன்டிபயாட்டிக் வந்தது. உலகின் பெரும்பகுதி ஃபேஜை மறந்தது. ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில், ஜார்ஜி எலியாவா 1923-இல் தொடங்கிய நிறுவனமோ விடாமல் அதைப் பேணியது.

இன்று அது திரும்பி வந்திருப்பது சமையற்கட்டு வழியாக. உலகில் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் கெட்ட உணவால் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் சாகிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீடு. 2018-இல் நம் நாட்டிலேயே, கெடா மாநிலம் பாலிங்கில், லக்சா சாப்பிட்டவர்களில் இருவர் இறந்தார்கள். அதற்குக் காரணம் சால்மொனெல்லா என்ற கிருமி. லிஸ்டீரியா என்ற இன்னொரு கிருமி குளிர்ப்பெட்டியின் குளிரிலும் வளரக்கூடியது. 2017, 2018-இல் தென்னாப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி, 200-க்கும் மேற்பட்ட உயிர்களை எடுத்தது. இந்த லிஸ்டீரியாவை மட்டும் கொல்லும் ஆறு ஃபேஜ்களின் கலவையை, உடனே உண்ணும் இறைச்சியின்மேல் தெளிக்கலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2006 ஆகஸ்டில் அனுமதித்தது. சால்மொனெல்லாவுக்கும் ஈ-கோலிக்கும் எதிரான கலவைகள் அதன்பின் வந்தன.

தெளிப்பது என்றதும் எனக்கு அம்மாவின் முதுகுப் பம்பு நினைவுக்கு வந்தது. இரண்டுமே தெளிப்புதான். ஆனால் விழுந்தபின் நடப்பது வேறு. ஃபேஜ் ஒரு பாக்டீரியாவின் நீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதன் கால்போன்ற இழைகள் பாக்டீரியாவின் தோலைத் தடவிப் பார்க்கின்றன. தனக்குரிய அடையாளம் அங்கே இருந்தால் மட்டும் பிடித்துக்கொள்ளும். தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். வேகமான வகையானால் அரைமணி நேரத்துக்குள் உள்ளேயே நூறு மடங்காகப் பெருகி, பாக்டீரியாவை வெடிக்கவைத்து வெளியே வரும். அடையாளம் பொருந்தாவிட்டால் விலகிப் போகும். லிஸ்டீரியாவின் ஃபேஜ், பக்கத்தில் கிடக்கும் நல்ல பாக்டீரியாவைத் தொடாது. மனித உயிரணுவில் அதற்குப் பிடிமானமே இல்லை. இரை தீர்ந்தால் அதன் பெருக்கமும் நின்றுவிடும்.

இதைத் தெய்வமாக்கவும் நான் வரவில்லை. பாக்டீரியாவும் மாறும், தன் அடையாளத்தை மறைத்துக்கொள்ளும். அதனால்தான் ஒன்றுக்குப் பல ஃபேஜ்களைக் கலக்கிறார்கள். காய்ந்த உணவுப் பரப்பில் ஃபேஜ் தானாக நகர்ந்து பகையைத் தேடிப்போக முடியாது. சில ஃபேஜ்கள் பாக்டீரியாவைக் கொல்லாமல் அதனோடு குடியேறி, அதற்கு நஞ்சையும் கொடுத்துவிடும். காலராவின் நஞ்சே அப்படி ஒரு ஃபேஜ் சுமந்துவந்த சொத்து. ஆகவே கொல்ல மட்டுமே தெரிந்தவற்றைச் சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாலாடைக்கட்டி ஆலைகளுக்கு ஃபேஜ் பரம விரோதி; உறைபாக்டீரியாவைத் தின்று பாலை உறையவிடாமல் செய்துவிடும் என்பதை 1935 வாக்கிலேயே நியூசிலாந்தில் கண்டார்கள். நாம் உண்ணும் தயிரிலும் ஃபேஜ் உண்டு. தெரியாமல் காலங்காலமாகச் சாப்பிட்டு வருகிறோம். கைகழுவாத சமையற்காரருக்கும் மூடிவைக்காத பாத்திரத்துக்கும் ஃபேஜ் பரிகாரம் ஆகாது.

ஆனாலும் அதன் தேவை கூடிக்கொண்டே போகிறது, காரணம் நாம்தான். கொல்வதற்குக் கிடைத்த பெரிய ஆயுதமான ஆன்டிபயாட்டிக்கைக் கோழிக்கும் பன்றிக்கும் தீவனத்தில் கலந்து கொடுத்தோம். நோய்க்காக மட்டும் கொடுக்கவில்லை, சீக்கிரம் எடை கூடட்டும் என்றும் கொடுத்தோம். வேறெதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் கொலிஸ்டின்கூடத் தீவனத்தில் போனது. மலேசியா 2019 ஜனவரியில் அதைத் தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியாவும் தடுத்தது. ஆன்டிபயாட்டிக் கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தது. என்னையும் ஒருமுறை காத்தது. அதைப் பழிக்க எனக்கு நாக்கு வராது. ஆனால் எல்லாவற்றின்மேலும் அடித்த மருந்து எளியவற்றை அழித்து, வலியவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது. மருந்தடித்த வெளிக்காட்டிலும் இதையே கண்டோம். அடுத்த மழைக்கு முதலில் தலைதூக்கியது லாலாங்தான், கீரை அல்ல.

இப்போது என் பாட்டியைச் சொல்ல வேண்டும். அவர் புல்வெட்டு வேலைக்குப் போன தலைமுறை. வேலையை விட்டபின்னும் லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலத்தில் வெண்டையும் கத்தரியும் போட்டிருந்தார். சாயங்காலம் குந்தி உட்கார்ந்து களையெடுப்பார். லாலாங் வேரோடு வரும். அதை ஒட்டி நின்ற கீழாநெல்லி அசையாது. மணத்தக்காளிச் செடியைச் சுற்றிக் கை வளைந்து போகும். எனக்கு எல்லாம் ஒரே பச்சை.

"ஏன் பாட்டி, இதைப் பிடுங்கலியா?"

"அது இருக்கட்டும்டா. மஞ்சக்காமாலைக்கு ஆகும்."

இன்னொன்றைக் காட்டுவேன். "அதுவும் இருக்கட்டும். அது யாருக்கும் எதுவும் செய்யாது."

அந்த இரண்டாவது பதில்தான் இத்தனை ஆண்டுகள் கழித்து எனக்குள் முளைக்கிறது. பயன் உள்ளதை விட்டுவைப்பது கெட்டிக்காரத்தனம். தீங்கு செய்யாததையும் விட்டுவைப்பது அறம். பாட்டிக்கு அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். அவர் தரையோடு தரையாக உட்கார்ந்தார், ஒவ்வொரு செடியையும் விரலால் தொட்டார், தொட்டதால் தெரிந்தது, தெரிந்ததால் விட்டுவைக்க முடிந்தது. பம்பை மாட்டிக்கொண்டு நடந்த அம்மாவுக்கு அந்த வாய்ப்பைத் தோட்டம் தரவில்லை. நாளொன்றுக்கு இத்தனை வரிசை என்ற கணக்கில், குனிந்து பார்க்க நேரம் ஏது?

ஃபேஜும் தன் பகையோடு ஒரே சேற்றில், காலம் காலமாக நெருங்கி வாழ்ந்தது. தொட்டுத் தொட்டு அதன் ஒரு முகத்தைக் கற்றுக்கொண்டது. அந்த ஒன்றை அறிந்ததால்தான் மற்ற கோடியை விட்டு விலக அதனால் முடிகிறது. கொல்ல வலிமை போதும். விட்டுவைக்கத்தான் அறிவு வேண்டும். அந்த அறிவு எட்ட நின்று பார்ப்பவருக்குக் கிடைப்பதில்லை. வயலானாலும் உடலானாலும், மனிதர் கூட்டமானாலும், காப்பாற்றுகிறேன் என்று வருபவரிடம் நான் இனி கேட்பது ஒன்றுதான்: இங்கே எதையெல்லாம் விட்டுவைக்கப் போகிறீர்கள்?

அந்தத் துண்டு நிலத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. மழைக்காலத்தில் அந்தச் சடக்கு வழியே போகும்போது, அடிமரத்து நிழலில் கீழாநெல்லி தலைகாட்டினால் வண்டியை நிறுத்திக் குனிந்து தொட்டுப் பார்க்கிறேன். இருக்கட்டும்.