சிறப்புக் குழந்தையின் உடலும் ஓர் அமானத்

 

இன்றைய விஷயம் மிம்பரில் அதிகம் பேசப்படாதது. நம் மஹல்லாக்களில் டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக துஆ கேட்கிறோம். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் ஓடியாடுகிறார்கள், எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்பதையெல்லாம் டாக்டருடைய வேலை என்று விட்டுவிடுகிறோம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள ஆறு வயது மகனின் தாய் ஒருவர் என்னிடம் கேட்டார். இனிப்பையும் பிஸ்கட்டையும் குறையுங்கள், தினமும் ஓடியாட விடுங்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். "ஹஜ்ரத், அவனுக்குப் படிப்பு வரல. கூட விளையாட ஆள் இல்ல. அவனுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் சாப்பாடு. அதையும் நான் பிடுங்கணுமா? அல்லாஹ் என்னை இரக்கம் இல்லாதவள்னு கேட்க மாட்டானா?"

சோம்பேறித்தனத்தில் வந்த கேள்வி இல்லை இது. இரவெல்லாம் கண்விழித்து வளர்த்தவருடைய கேள்வி. அதனால் நிதானமாகப் பதில் தேட வேண்டும்.

முதலில் உடலின் விஷயம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே தசைகள் தளர்ந்திருக்கும். சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் சக்தியும் குறைவு. தைராய்டு குறைபாடும் மற்றப் பிள்ளைகளைவிட இவர்களிடம் அதிகம். ஆகவே அண்ணன் சாப்பிடுகிற அதே தட்டுச் சோறு தம்பியிடம் எடையாகச் சேர்கிறது. இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். அதனால் பிள்ளை ஓடினாலே தாய் பதறுகிறாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை சில சமயம் நாலே நாலு உணவைத் தவிர எதையும் தொடாது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் பசியையும் எடையையும் கூட்டும். பிராடர் வில்லி என்றொரு நிலை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பசி அடங்குவதே இல்லை. மூளை முடக்குவாதத்தில் பெரும்பாலும் நேர்மாறு. விழுங்க முடியாமல் மெலிந்து போகும் பிள்ளைகள் உண்டு.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? கல்யாண வீட்டில் ஒரு பிள்ளையைப் பார்த்தவுடன், "என்னம்மா இப்படி ஊதிட்டான், நீ பாக்கிறதில்லையா?" என்று கேட்கிற நாக்குகள் நம்மிடம் இருக்கின்றன. எதுவும் தெரியாமல் ஒரு தாயின் மனதை உடைக்கிற பேச்சு அது.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். மூன்று பேரை விட்டும் பேனா உயர்த்தப்பட்டிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் உங்களுக்குத் தெரியும். சிறு பிள்ளையும், புத்தி சுவாதீனம் இல்லாதவரும் அந்த மூவரில் அடக்கம். இதை நாம் நம்மை அறியாமல் நீட்டிவிடுகிறோம். அவன் மீது கடமை இல்லை என்பதிலிருந்து, அவனிடம் எதையுமே எதிர்பார்க்க வேண்டாம் என்று போய்விடுகிறோம். நடக்கச் சொல்ல வேண்டாம், பாவம். தானாகச் செருப்புப் போடச் சொல்ல வேண்டாம், பாவம். பேனா உயர்த்தப்பட்டது பிள்ளையை விட்டுத்தான். பொறுப்பாளியான அத்தா, அம்மாவை விட்டும் உயர்ந்துவிட்டதாக எந்த இமாமும் சொல்லவில்லை.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பாருங்கள். பார்வையற்றவர். பள்ளிக்கு அழைத்து வர ஆள் இல்லை, வீட்டிலேயே தொழ அனுமதி வேண்டும் என்று கேட்டார். அனுமதி கிடைத்தது. திரும்பிப் போகும்போது மீண்டும் அழைத்து, பாங்கு சத்தம் கேட்கிறதா என்று நபி (ஸல்) கேட்டார்கள். ஆம் என்றதும், அப்படியென்றால் வாருங்கள் என்றார்கள். பார்வையற்றவருக்கு ஜமாஅத் கடமையா என்ற ஃபிக்ஹ் விவாதம் தனி. அது இங்கே என் நோக்கம் இல்லை. அவரை எப்படி நடத்தினார்கள் என்று பாருங்கள். அவரை மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராக்கினார்கள். தாங்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பையே அவரிடம் விட்டுச் சென்றார்கள். பெருமானாரை விட இரக்கம் உள்ளவர் யார்? அந்த இரக்கம் அவரை வீட்டு மூலையில் உட்கார வைக்கவில்லை.

சரி, "ஒரே சந்தோஷம் சாப்பாடு" என்கிறோம். மற்ற சந்தோஷங்களுக்கான கதவை யார் சாத்தியது? பூங்காவுக்கு அழைத்துப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று போவதில்லை. தெருப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்வதில்லை. கடைசியில் கையில் பிஸ்கட்டும் போனும் மிஞ்சுகின்றன. அவன் முகம் மலர்கிறது, நம் மனம் ஆறுகிறது. யாருடைய மனம் ஆறுகிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்று ஆறு வயது. தூக்கிவிடலாம். பதினைந்து வயதில் அவனைக் குளிப்பாட்டத் தூக்குவது யார்? டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கு உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் பிரச்சினை அதிகம். எடை கூடினால் அதுவும் கூடும். குனிந்து தன் காலைத் தானே கழுவி ஒளூ செய்யக் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைக்கு, குனியவே முடியாமல் போகும். இந்த நஷ்டத்தை அவன் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டான்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு என்ற ஹதீஸைத் தவறாகப் பிடித்துக்கொண்டு வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். இனிப்பும் தேனும் நபி (ஸல்) அவர்களுக்குப் பிடித்தவைதான். பெருநாளைக்கு வட்டலாப்பம் சாப்பிடட்டும். தினசரிப் பழக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் அதே அளவைத்தான் சொல்கிறது. அதுவரை எட்ட முடியாவிட்டால் முடிந்த அளவு. ஜிம் தேவையில்லை. சுஜூதில் இருக்கும் நபி (ஸல்) அவர்களின் முதுகில் பேரப்பிள்ளை ஏறி விளையாடியதும், அவர்கள் சுஜூதை நீட்டியதும் நமக்குத் தெரிந்த சம்பவம். அப்படி அத்தாவின் முதுகு போதும், மாடிப்படி போதும், கடைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பது போதும். தொடங்கும் முன் இதயத்தையும் தைராய்டையும் பார்த்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் குட்டிக்கரணம் வேண்டாம்.

அந்தத் தாயின் வேலையைக் கடினமாக்குவதில் நமக்கும் பங்கு இருக்கிறது. ஜும்ஆ முடிந்து வெளியே வரும் அந்தப் பையன் கையில் ஆளுக்கொரு சாக்லேட் திணிக்கிறோம். ஸதகா என்ற நல்ல எண்ணத்தில்தான். ஒரே வாரம் எண்ணிப் பார்த்தேன், வாசலைத் தாண்டுவதற்குள் ஏழு. வீட்டுக்குப் போய் அவர் மறுத்தால், அவர்தான் கெட்டவர் ஆகிறார்.

அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் நம் பள்ளியின் வெளிமுற்றம் காலியாகத்தான் இருக்கிறது. நிர்வாகத்திடம் பேசியிருக்கிறேன், ஒப்புக்கொண்டார்கள். இன்ஷா அல்லாஹ் வரும் சனிக்கிழமை முதல் இந்தப் பிள்ளைகளுக்கு அது திறந்திருக்கும். பந்து பள்ளியிலேயே இருக்கிறது. உங்கள் மற்றப் பிள்ளைகளையும் அனுப்புங்கள். தனியாக ஓட எந்தக் குழந்தைக்கும் பிடிக்காது. இதய ஆபரேஷன் ஆன பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். சாக்லேட்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.