ஊசி யாருக்காக?

ஒருவரைக் கேட்காமல் அவர் உடம்பில் ஊசி குத்தினால் அதற்குப் பெயர் தாக்குதல். கேட்கவே முடியாத ஒருவருக்குக் குத்தினால்? குழந்தையென்றால் நம்மிடம் பதில் தயாராக இருக்கிறது: பெரியவளானதும் புரிந்துகொள்வாள். மயங்கிக் கிடப்பவரென்றால், விழித்திருந்தால் சரியென்றுதான் சொல்லியிருப்பார் என்கிறோம். பூனையிடம் இந்த இரண்டுமே செல்லாது. எங்கள் வீட்டுக் கோப்பிக்குப் பதினோரு வயது. வளர வேண்டியதெல்லாம் வளர்ந்தாயிற்று. இனி ஒருநாள் எல்லாம் புரிந்து எனக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

கோப்பிக்கு இனிப்பு நீர். கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தான், மணல் தட்டு ஈரக் கட்டிகளாய் நிறைந்தது, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தான். அப்பாவுக்கு வந்த அதே அறிகுறிகள்தான். இப்போது காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இன்சுலின். அதற்கு முன் காது ஓரத்து ரத்தக்குழாயில் ஒரு குத்து, கடுகளவு ரத்தம், சில நொடிகளில் மீட்டரில் ஓர் எண்.

இதை ஏன் வீட்டில் செய்ய வேண்டும், கிளினிக்கில் விட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: நான் பாயான் லெப்பாஸில் சென்சர்களைச் சரிபார்க்கும் வேலை பார்க்கிறேன். அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருளைக் கலைக்கக்கூடாது என்பது அங்கே பாலபாடம். பூனையிடம் அந்தப் பாடம் முதல் நாளே தோற்றுப்போகும். கூண்டு, கார், பக்கத்தில் குரைக்கும் நாய் எல்லாவற்றையும் தாண்டி மேசைக்கு வரும் பூனைக்குப் பயத்திலேயே ரத்தத்தில் சீனி எகிறிவிடும். மருத்துவர் பார்ப்பது நோயையா பயத்தையா என்று பிரிக்க முடியாது. அவனுக்குப் பிடித்த ஜன்னல் ஓரத்தில் எடுக்கும் எண்தான் உண்மைக்குப் பக்கம். அப்பாவின் மீட்டரும் உதவாது. மனித ரத்தத்தில் சீனியின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கும். பூனைக்குப் பெரும்பாலும் பிளாஸ்மாவில்தான். அதனால் மனித மீட்டர் பூனையின் சீனியை வழக்கமாகக் குறைத்துக் காட்டும். பூனைக்கென்று தனி மீட்டர் வாங்கினேன். ஸ்ட்ரிப் விலையைப் பற்றிப் பேசவேண்டாம்.

“விடும்மா, பாவம். அவனுக்கு என்ன தெரியும்?” என்பார் அம்மா. முதலில் இதை வெறும் இரக்கம் என்றுதான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க நல்ல வாதமாகவே தெரிகிறது. எதற்காகக் குத்துகிறார்கள் என்று தெரிந்தவருக்கு வலி கொஞ்சம் சிறியதாகிவிடும். கோப்பிக்குக் காரணம் கிடையாது. வெறும் வலி மட்டும்தான். மீட்டர் பையின் ஜிப் சத்தம் கேட்டால் சோபாவுக்கு அடியில் போய்விடுகிறான். தெரியாது என்பதால் வலி குறைவதில்லை, ஆறுதல்தான் இல்லாமல் போகிறது.

நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. ஒன்றிலிருந்து காக்க இன்னொன்றைக் கொடுக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது.

அப்பாவுடைய கதை வேறு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். அவரும் அதில் ஒருவர். மீட்டரைத் தொடமாட்டார். “தெரிஞ்சா கவலைதான்” என்பார், கையில் தே தாரிக், குராங் மானிஸ். நான் சண்டை போடலாம், கெஞ்சலாம். அவர் விரலைப் பிடித்து இழுத்துக் குத்த முடியாது. அவருடைய ‘வேண்டாம்’ பின்விளைவு தெரிந்த ஒருவரின் முடிவு. கோப்பி காதை இழுத்துக்கொள்வதும் ‘வேண்டாம்’தான், ஆனால் அது இந்த நொடிக்கு மட்டுமான வேண்டாம். நாளையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத அந்தப் பகுதியை நான் பேசுகிறேன். ஒருவருக்காகப் பேச ஆரம்பித்தால், எங்கே அவர் பேச்சு முடிந்து நம் பேச்சு தொடங்குகிறது என்று தெரியாமல் போகும் ஆபத்து உண்டு.

அதனால் ஊசியை எடுக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இந்த எண் வந்தபிறகு நான் செய்யப்போவது ஏதாவது மாறுமா? இன்சுலினுக்கு முன் எடுக்கும் எண்ணில் மாறும். சீனி ஏற்கெனவே குறைந்திருக்கும்போது இன்சுலின் போட்டால் உயிரே போகலாம். மருந்தளவு மாற்றியபின் ஒருநாள் முழுக்க இரண்டு மணிக்கொரு தடவை எடுக்கும் எண்களிலும் மாறும். எப்போது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் அடுத்த அளவு. ஆனால் இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்து ‘இப்போ எவ்வளவு இருக்கும்’ என்று மனம் அரிக்கிறது. பக்கத்தில் அவன் தள்ளாடாமல், துவளாமல், சாதாரணமாகத் தூங்குகிறான். அந்த நேரத்து ஊசி அவனுக்கானதில்லை, எனக்கானது. என் கவலைக்கு மருந்தாக அவன் காது.

கீட்டோனில் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. இன்சுலின் போதாதபோது உடம்பு சீனியைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கும். கல்லீரல் கீட்டோன்களைத் தயாரிக்கும். அவை மிதமிஞ்சினால் ரத்தம் அமிலமாகும், அவசர சிகிச்சைதான். பார்க்க இரண்டு வழி. சிறுநீரில் நனைக்கும் பட்டை: வலியே இல்லை, மணல் தட்டருகே ஒரு கரண்டியோடு காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். (ஓர் இளநிலைப் பட்டதாரி பூனைக்குப் பின்னால் கரண்டியோடு குந்தியிருப்பதை அக்கம்பக்கத்தார் பார்க்காதிருப்பது நல்லது.) ஆனால் பட்டை பார்ப்பது அசிட்டோ அசிட்டேட்டை. பூனையில் முதலில் ஏறுவதும் அதிகம் இருப்பதும் பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட். அதை ரத்த மீட்டர்தான் காட்டும். வலியில்லாத செய்தி தாமதமாக வருகிறது, சீக்கிரம் வரும் செய்திக்கு ரத்தம் வேண்டும். சாதாரண நாட்களில் பட்டை, சாப்பிடாமல் இருந்தாலோ வாந்தி எடுத்தாலோ ரத்தம் என்று வைத்திருக்கிறேன். அந்தக் கோட்டைப் போட்டது நான். கோப்பியால் அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்து என்று சொல்ல முடியாது.

இந்த மருந்தே கேட்காமல் எடுத்ததுதான். 1921இல் டொரொன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் கணையம் நீக்கப்பட்ட நாய்களிடம் சோதித்தபிறகுதான் 1922இல் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். பிறகு பல பத்தாண்டுகளுக்கு இறைச்சிக்கூடத்து மாட்டுக் கணையமும் பன்றிக் கணையமும். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் அமினோ அமிலம். இன்று அந்த மருந்து ஒரு விலங்குக்கே திரும்பி வருகிறது, கடன் அடைந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கடன் பட்டது அந்த நாய்களிடம். அவற்றின் சார்பில் வசூலிக்கக் கோப்பிக்கு அதிகாரமில்லை.

தோளருகே முடியை மழித்து ஒட்டும் சென்சர் ஒன்று வைக்கலாம் என்கிறார் மருத்துவர். விழாமல் ஒட்டியிருந்தால் ஒரே குத்தில் இரண்டு வாரம்வரை. கோப்பிக்கு வலி குறையும். எண் என் போனுக்கே வந்துவிடும், இரவு மூன்று மணிக்கும். அம்மாவிடம் சொன்னேன். “அப்பாவுக்கும் ஒன்னு வாங்கிக் குடு” என்றார். அப்பா பேப்பரைக் கீழே இறக்கவில்லை.