முகமறியாக் கொடை

ஈகை என்றதும் நம் நினைவுக்கு வருவது பசித்தவனுக்கு இட்ட சோறு. ஆயினும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும், மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் வள்ளல்களின் வரிசையில் வைத்துப் போற்றியவர்கள் நம் முன்னோர். கொடியும் மயிலும் நன்றி கூறமாட்டா. கொடுத்தவன் பெயரையும் அறியமாட்டா. இக்காலத்தில் அத்தகைய கொடை எது என்று வினவின், அறிவியல் ஆராய்ச்சிக்கு ஈவதே என்போம். அதன் பயன் யாரைச் சேரும், எப்போது சேரும் என்பதைக் கொடுப்பவர் அறியார்.

மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர், செல்வர்களிடம் பொருள் திரட்டி, 1876ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். எதிர்பார்த்த அளவு ஆராய்ச்சி அங்கே தழைக்கவில்லை. அக்குறையோடே அவர் 1904இல் மறைந்தார். மூன்றாண்டுகள் கழித்து, 19 வயது நிறையாத தமிழ் இளைஞர் ஒருவர் அரசின் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதை அவர் அக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். அவரே சி. வி. இராமன். 1917இல் தாரக்நாத் பாலித் விட்டுச்சென்ற அறக்கொடையால் அமைந்த பேராசிரியர் பதவியை, ஊதியம் குறைவாயினும், ஏற்றார். 1928இல் அவர் கண்ட ஒளிச்சிதறல் விளைவு 1930இல் நோபல் பரிசைக் கொணர்ந்தது. 1933இல் அவர் தலைமையேற்ற பெங்களூர் அறிவியல் கழகமும் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையால் எழுந்ததே. அது தொடங்கிய 1909இல் டாட்டா உயிரோடில்லை.

வங்காளியரும் பார்சியரும் நட்ட மரங்களின் நிழலில், பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்த ஒரு தமிழர் அமர்ந்தார். பாலித் தம் கொடைக்கு விதித்த வரம்பு இந்தியரே அப்பதவியில் அமர்தல் வேண்டும் என்பதே. வங்காளியரே அமர்தல் வேண்டும் என்பதன்று.

பசித்தவன் வாயிலில் நிற்க, ஆய்வுக்கூடத்திற்கு ஈவது முறையோ என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்வி. இன்றைய பசியை நாளைக்கு ஒத்திவைத்தல் அறமாகாது. ஆனால், 1960இல் ஃபோர்டு, ராக்கஃபெல்லர் என்னும் இரு தனியார் அறநிறுவனங்கள் பிலிப்பைன்ஸ் நாட்டில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. அங்கே உருவாகி 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல் நம் நாட்டு வயல்களிலும் விளைந்தது. ஆராய்ச்சிக்கு அளித்த கொடை பின்னர்ச் சோறாகவும் வந்ததன்றோ! எனவே சோறும் ஆராய்ச்சியும் பகையல்ல. முன்னது இன்றைய கடன், பின்னது நாளைய கடன்.

எனினும், கொடுத்தவர் ஆராய்ச்சியின் முடிவையும் தாமே வகுக்க முற்படின், அது கொடையன்று, வாணிகம். இளம் அறிஞனுக்கு வேண்டுவது கட்டளையன்று. கவலையின்றி உழைக்கச் சில ஆண்டுகள். நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ், வேலையற்றிருந்த கணித மேதை இராமானுஜனுக்குத் தம் கைப்பொருளிலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்துவந்தார். மதிப்பரிய கணக்குகள் எழுதப்பெற்ற காலத்தில் அவ்விளைஞரின் அடுப்பு எரிந்தது அத்தொகையால். ஈவதற்கு டாட்டாவாக இருத்தல் வேண்டுவதில்லை.

நாச்சாரத்தில் வாழும் நாம் தார்நாகா, ஹப்சிகுடா வழியே செல்லும்போதெல்லாம் பெரும் ஆய்வகங்களின் மதிற்சுவர்களைக் காண்கின்றோம். அவை அரசின் பொறுப்பு, நமக்கென்ன என்று எண்ணுவது எளிது. ஆயின் அவ்வாயில்களை எட்டுமுன்னரே வறுமையால் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் நம் தெருக்களில் உள்ளனர். விழாவுக்கென நாம் திரட்டும் பொருளில் ஒரு பகுதியை அறிவியல் பயிலும் ஏழை மாணவர் ஒருவருக்கென ஒதுக்குதல் நம் சங்கத்தால் இயலாததன்று. அவர் தமிழ்ப் பிள்ளையாகத்தான் இருத்தல் வேண்டுமோ? நமக்குச் சோறிடும் இத்தெலுங்கு மண்ணின் பிள்ளையாயினும் ஈதலே முறை என்பது நம் துணிபு. கல்கத்தாவில் ஆய்வுக்கூடக் கதவைத் திறந்தவர்கள், உள்ளே வந்த இராமனிடம் தாய்மொழி எதுவென்று கேட்கவில்லை.