கழித்து எழுதும் தராசு

இலங்கையின் ஊவாத் தேயிலை மலைகளில் கொழுந்து நிறுக்கும்போது இரண்டு கணக்குகள் உண்டு. தராசு முள் காட்டுவது ஒன்று. பெயருக்கு எதிரே எழுதப்படுவது மற்றொன்று. சாக்கின் பாரத்துக்கு, மழைநாளில் இலையில் ஒட்டிய ஈரத்துக்கு என்று சில கிலோ கழியும். கழிப்பதே கூடாது என்று கொழுந்து பறிக்கும் பெண் சொல்வதில்லை. ஈரத்துக்குக் கூலி கேட்பது முறையல்ல என்று அவளுக்கும் தெரியும். எவ்வளவு கழிக்கிறார்கள், யார் அதைத் தீர்மானிக்கிறார்கள், அவளுக்குச் சொல்லிவிட்டுக் கழிக்கிறார்களா என்பதில்தான் அவளுடைய வழக்கு இருக்கிறது.

பத்திரிகைகளின் அரசியல் சார்பையும் இந்த மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். கழிவே இல்லாமல் எந்தச் செய்தியும் அச்சேறுவதில்லை. எதை முதற்பக்கத்தில் வைப்பது, எதை விடுவது, யாரிடம் கருத்துக் கேட்பது என்று ஒவ்வொரு மாலையும் யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார். அவருடைய மொழியும் வர்க்கமும் கட்சியும் அந்த முடிவில் கலந்தே இருக்கும். ஆகவே சார்பே இல்லாத பத்திரிகையைத் தேடி அலைவதில் பயனில்லை. எந்தச் சார்பைப் பொறுத்துக்கொள்ளலாம், எது அநீதியாகிறது என்று பிரித்தறிவதே வாசகரின் கடமை.

பிரித்தானியப் பத்திரிகைகள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. அங்கே சார்பை மறைப்பதில்லை. டெய்லி டெலிகிராஃப் பழைமைவாதக் கட்சியின் பக்கம் நிற்பது ஊரறிந்தது. டெய்லி மிரர் தொழிற்கட்சிப் பக்கம். 1821இல் மான்செஸ்டரில் தொடங்கிய கார்டியன் இடதுசாரித் தாராளவாதத்தின் குரல். சன் பத்திரிகை 1992 தேர்தலில் பழைமைவாதிகளையும் 1997இல் தொழிற்கட்சியையும் வெளிப்படையாக ஆதரித்தது. 2014இல் அமைந்த பத்திரிகைத் தர நிர்ணய அமைப்பு நடைமுறைப்படுத்தும் ஒழுக்கக்கோவையும் பத்திரிகை ஒரு பக்கம் சாய்வதைத் தடுப்பதில்லை. கருத்தையும் ஊகத்தையும் நடந்ததிலிருந்து பிரித்துக் காட்டு என்றே கேட்கிறது. கழிப்பதைச் சொல்லிவிட்டுக் கழிக்கும் ஏற்பாடு இது. பிடிக்காதவர் பக்கத்திலுள்ள வேறு பத்திரிகையை வாங்கிக்கொள்ளலாம்.

இந்த விடை ஊவாவின் பதுளை வரை செல்லுமா? அதைச் சோதிக்க மலையகத்தின் பத்திரிகை வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் துணி வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தவர். அவர் நடத்திய 'தேசபக்தன்' தொழிலாளர் பக்கம் நின்றது. அதை ஒளிக்கவும் இல்லை. மறுபக்கத்தில் 'டைம்ஸ் ஒஃப் சிலோன்' ஐரோப்பியத் துரைமாரின் பார்வையைப் பேசியது. இரண்டும் ஒருபக்கம் சாய்ந்தவைதாம். ஆனால் இரண்டு சாய்வுகளையும் ஒரே எடை என்று சொல்வது நேர்மையாகாது. துரைக்குப் பத்திரிகை இல்லாவிட்டாலும் ஆளுநர் மாளிகையும் பொலிஸும் நீதிமன்றமும் இருந்தன. தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதே குற்றமாக இருந்த காலத்தில் தொழிலாளிக்கு அந்த ஏடு வெளியுலகுக்குத் திறந்த ஒரு கதவு. ஏற்கெனவே ஒருபக்கம் தாழ்ந்திருக்கும் தராசில் மறுதட்டில் கல்லை வைப்பது நடுவுநிலைமைக்கு விரோதமாகாது.

1940ஆம் ஆண்டின் ஊவா வேலைநிறுத்தங்கள் இன்னொரு பாடத்தைத் தருகின்றன. பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கலந்தே தோட்டத்தை நடத்தத் துரையும் உடன்பட்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்தார்கள். பின்பு பொலிஸ் அடக்குமுறையும் ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகிலிருந்து துண்டித்த வெள்ளமும் சேர்ந்து போராட்டத்தை முடித்தன. நடந்தது ஒன்று. அதைக் 'கலகம்' என்றும் எழுதலாம், 'உரிமைப் போர்' என்றும் எழுதலாம். தலைப்பில் எந்தச் சொல் வந்தாலும், அந்தச் சபை ஏன் தோன்றியது, அடக்குமுறையில் அடிபட்டது யார் என்ற விவரம் உள்ளே இருக்குமானால் வாசகர் தம் தீர்ப்பைத் தாமே எழுதிக்கொள்வார். விவரமே இல்லாவிட்டால் அவருக்கு மிஞ்சுவது அந்தத் தலைப்புச் சொல் மட்டும்.

அப்படியானால் எளியவர் பக்கம் சாயும் எந்தப் பத்திரிகையும் அறத்தின் பக்கம் நிற்கிறதா? வரலாறு எச்சரிக்கிறது. நடேசய்யரோடு ஒரு காலத்தில் தோளோடு தோள் நின்ற ஏ.ஈ. குணசிங்க, கொழும்புத் தொழிலாளரை அமைப்பாகத் திரட்டிய முன்னோடி. அவருடைய 'வீரய' ஏடும் தொழிலாளர் ஏடுதான். பொருளாதார மந்தம் வந்து வேலை அருகிய 1930களில் அந்த ஏடு மலையாளித் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. ஓர் ஏழையின் பசிக்கு இன்னோர் ஏழையைக் காரணம் காட்டியது. எளியவர் பக்கம் நிற்பது ஒரு பத்திரிகைக்குப் பெருமை தரலாம். அதையே அநீதிக்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள முடியாது.

நம் காலத்துக்கு வருவோம். தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கை 2015 முதல் ஒலித்தது. கூட்டு ஒப்பந்தங்களில் அது கைகூடாமல், 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் வர்த்தமானியில் வந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் உற்பத்திச் செலவு, தேயிலை ஏல விலை, தொழிலாளியின் உற்பத்தித் திறன் என்ற சொற்களில் தோட்டக் கம்பனிகளின் தரப்பு பேசப்பட்டது. அரிசி விலை, பிள்ளைகளின் படிப்பு, வரிசைக் குடியிருப்பான லயத்து அறையின் ஓட்டைக் கூரை என்ற சொற்களில் தொழிலாளரின் தரப்பு பேசப்பட்டது. முதலாவது பேச்சின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். இரண்டாவதன் மொழி தமிழ். இரண்டிலும் உண்மை இருந்தது. ஏல விலை சரிந்தால் தோட்டம் நலியும். கிலோ குறைந்து 'அரைப் பேர்', அதாவது பாதி நாட்சம்பளம், போடப்பட்ட வீட்டில் அடுப்பும் நலியும். ஆனால் ஒரு தரப்பை வாசித்தவர் பலர் மறுதரப்பை வாசிக்கவேயில்லை.

பிரித்தானியாவின் விடை இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான். அங்கே கார்டியனும் டெலிகிராஃபும் ஒரே மொழியில் வருகின்றன. வலதுசாரி வாசகர் விரும்பினால் இடதுசாரிப் பத்திரிகையைப் புரட்டலாம். ஒன்றன் பொய்யை மற்றொன்று பிடித்துவிட வாய்ப்புண்டு. பதுளையில் தோட்டமும் சிங்களக் கிராமமும் ஒரே மலையின் இரு சரிவுகள். இரண்டும் ஒரே பஸ்ஸில் ஏறுகின்றன, ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகின்றன. ஆனாலும் அவை வாசிக்கும் பத்திரிகைகள் வெவ்வேறு எழுத்துகளில் இருக்கின்றன. எதிர்த்தரப்பின் பத்திரிகை கடையில் பக்கத்திலேயே தொங்கினாலும் பலருக்கு அது படிக்க முடியாத தாள். ஒரே மொழிக்குள் சார்புகள் ஒன்றையொன்று திருத்துகின்றன. மொழி பிரிந்த இடத்தில் ஒவ்வொரு சார்பும் தன் வாசகருக்கு முழு உலகமாகிவிடுகிறது.

சார்பு பொய் சொல்லாமலும் வேலை செய்யும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. முதல் நாளில் நூற்றுக்கணக்கானோர் இறந்திருக்கலாம் என்று பேசப்பட்டது. நாட்கள் செல்ல அந்த எண் வெகுவாகக் குறைந்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது என்பதும் வெளிவந்தது. அப்போது இரண்டு கேள்விகள் எழுந்தன. எச்சரித்தும் மக்கள் ஏன் வெளியேறவில்லை? வெளியேற அவர்களுக்கு எங்கே இடம் கொடுக்கப்பட்டது? முதற்கேள்வியை மட்டும் எழுதினால் ஒரு பொய்கூடச் சொல்லாமலேயே செத்தவர்மீது பழி போட்டுவிடலாம். தலைமுறைகளாக உழைத்தும் ஒரு பேர்ச் நிலம் சொந்தமில்லாதவர், வேலையோடு ஒட்டிய லயத்தை விட்டு எங்கே போவார் என்பதை எழுதும்போதுதான் செய்தி முழுமையாகிறது. இரண்டாவது கேள்வியை மட்டும் எழுதி, எச்சரிக்கை எந்த அலுவலக மேசையில் உறங்கியது, அதைத் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு யார் எடுத்துச் சொன்னார் என்று விசாரிக்காமல் விட்டாலும் அடுத்த மலை காப்பாற்றப்படாது. விடுபட்ட வரிகளும் மனிதரைக் கொல்லும்.

இந்தக் கடமையிலிருந்து தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் விலக்கில்லை. 1930இல் தொடங்கிய 'வீரகேசரி' முதல் இன்றுவரை மலையகச் செய்திகளைத் தமிழேடுகள்தாம் சுமந்து வந்திருக்கின்றன. அந்தக் கடன் பெரியது. ஆனால் அமைச்சர் சொன்னார், தொழிற்சங்கத் தலைவர் சாடினார் என்ற அறிக்கைகளே மலையகச் செய்தியாகிவிடும்போது, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பவரின் பெயர் மரணச் செய்தியில் மட்டுமே வருகிறது. தலைவரின் படம் பெரிதாகவும் தொழிலாளியின் சொல் இல்லாமலும் வரும் பக்கம், மக்கள் பக்கம் நிற்பதாகச் சொன்னாலும் தலைவர் பக்கமே நிற்கிறது. அரசுடைமைப் பத்திரிகைகளின் பொறுப்பு இதைவிடக் கனமானது. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் 1973இல் அரசின் பிடிக்குள் வந்ததிலிருந்து 'தினகரன்' உட்பட அதன் ஏடுகள் பொதுச்சொத்து. தனியார் தம் காசில் சாயலாம். எல்லாருடைய தராசையும் ஆளுங்கட்சி தன் கைப்பக்கம் சாய்ப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இரு தரப்புக்கும் சமமாக இடம் ஒதுக்கினால் போதுமே என்று ஒரு வாதம் உண்டு. கம்பனியின் அறிக்கை ஆங்கிலத்தில், அச்சுக்குத் தயாராக, கணினியில் வந்து சேர்கிறது. தொழிலாளியின் பதிலை வாங்க ஒரு நிருபர் பஸ் ஏறி, மலை ஏறி, வேலை முடியும்வரை காத்திருக்க வேண்டும். தானாக வந்ததையும் தேடிப் பெறவேண்டியதையும் ஒரே முயற்சியால் பெற முடியாது. நடுவுநிலைமைக்குத் தராசை உவமையாக்கினார் வள்ளுவர். பொருளை வைப்பதற்கு முன்பே அந்தக் கோல் சமமாக நிற்க வேண்டும். பத்திரிகைக்கு அந்த முன்சமம் நடந்து சென்று கேட்பதால் வருகிறது. பக்க அளவால் வருவதில்லை.

ஒரு பத்திரிகை தன் மக்களை நேசிக்கலாம், அவர்களுக்காகக் கோபப்படலாம். அந்தக் கோபத்தைத் தலையங்கத்தில் பெயரிட்டு எழுதட்டும். செய்தியில், எதிர்த்தரப்பின் மிக வலுவான நியாயத்தைத் தன் வாசகரின் மொழியில் கொண்டுவந்து வைக்கட்டும். கம்பனியின் கணக்கைத் தமிழ் வாசகரும், லயத்தின் கணக்கைச் சிங்கள, ஆங்கில வாசகர்களும் அறியும்படி எழுதுவது எளிதான வேலையல்ல. ஆனால் மலையின் மறுசரிவில் இருப்பவர் வேறெங்கும் அதை வாசிக்கப் போவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண் கேட்பதும் இவ்வளவுதான்: கழிப்பதானால் தராசு முள்ளை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கழியுங்கள்.