நலம் பெற்றவர் கூறக் கடமைப்பட்டது யாது?

மனநோயுற்று, மருத்துவம் பெற்று, தெளிந்து எழுந்த ஒருவர் வேலை தேடிச் செல்கின்றார். தமக்கு முன்பிருந்த நோயை வேலை கொடுப்போரிடம் அவர் கூறத்தான் வேண்டுமா? கூறாது விடின் நான்காம் சீலத்திற்குப் பிழையாகுமா? கூறினால் வாயிற்படியிலேயே திருப்பி அனுப்பிவிடுவர் என்னும் அச்சம் ஒருபுறம். கூறாவிடின் பொய்யர் ஆவோமோ என்னும் அச்சம் மறுபுறம். இவ்விரண்டிற்கும் இடையே நெஞ்சு நைந்த இளைஞரும் அவர்தம் பெற்றோரும், தம்ம உரை முடிந்தபின் ஒதுங்கி நின்று நம்மை வினவுவதுண்டு. அவர்கள் அனைவர்க்கும் பொதுவாக நம் கருத்தை ஈண்டு எழுதுகின்றோம்.

இவ்வினா எங்கோ ஒருவருக்கு உரியது என்று எண்ணற்க. பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் அவ்வேளையில் ஏதேனும் ஒரு மனநோய்க்கு ஆளாகியிருந்தனர். வாழ்நாளில் என்றேனும் ஆளானோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 13.7 விழுக்காடு. அஃதாவது, வேலை வாயிலில் நூறு பேர் வரிசையில் நின்றால் அவருள் பத்துப் பதின்மூன்று பேர் இக்கவலையைச் சுமந்தே நிற்கக்கூடும். ஆயினும் ஒவ்வொருவரும் தாம் ஒருவரே இவ்வாறு உள்ளதாக எண்ணி நடுங்குகின்றனர்.

அங்குத்தர நிகாயத்தில் பகவன் இருவகை நோய்களைப் பிரித்துக் காட்டுகின்றார். உடல்நோயின்றி ஓராண்டு, பத்தாண்டு, நூறாண்டு வாழ்வோரும் உலகில் உண்டு. மனநோயின்றி ஒரு கணமேனும் இருந்தேன் என்று கூறவல்லார், ஆசவங்களை அறுத்த அறவோரையன்றிப் பிறர் அரியர் என்பது அதன் கருத்து. அங்குக் குறித்த நோயும் மருத்துவர் ஏட்டில் எழுதும் நோயும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். எனினும், பிறரைப் பித்தர் என்று சுட்ட நீளும் விரலை மடக்குதற்கு அவ்வொரு போதனையே போதும்.

கூறினால் விளையும் தீங்கு வெறும் கற்பனையன்று. நாம் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில், மருத்துவமனையில் சில திங்கள் இருந்து நலம் பெற்று மீண்ட தொழிலாளி ஒருவரைக் கண்டோம். இழை அறுதல் எவருக்கும் நிகழ்வதே. பஞ்சு தாழ்ந்ததாயினும் அறும். காற்றில் ஈரம் குறையினும் அறும். மற்றவர் பக்கத்தில் இழை அறுந்தால் மேஸ்திரி பஞ்சைப் பழித்தார். இவர் பக்கத்தில் அறுந்தால் பழைய நோயைப் பழித்தார். அவர் கை முன்போலவே விரைந்து இழையைப் பிணைத்தது. கண்டோர் கண்ணிலோ அது நோயாளியின் கையாகவே இருந்தது. இத்தகைய நிலையைக் கண்டவர், "உண்மையைச் சொல், உனக்கொன்றும் வாராது" என்று இளைஞர்க்கு எளிதாக உபதேசித்தல் இயலாது.

இனிச் சீலத்தை ஆராய்வோம். பொய் யாது? உண்மையல்லாத ஒன்று இருத்தல், பிறரை ஏய்க்கும் எண்ணம், அதற்கான முயற்சி, கேட்டவர் அதனை மெய்யெனக் கொள்ளுதல் ஆகிய நான்கும் கூடிய வழியே பொய் நிறைவுறும் என்று ஆசிரியர்கள் வகுத்தனர். கேளாத ஒன்றைப் பேசாதிருத்தல் இவற்றுள் எதிலும் அடங்காது. அபய இளவரசனுக்கு உரைத்த போதனையிலோ, உண்மையேயாயினும் பயனற்றதைத் ததாகதர் பேசார் என்றும், உண்மையும் பயனும் உடையதையும் காலமறிந்தே பேசுவார் என்றும் காண்கின்றோம். ஆகவே, வாய்மை என்பது நெஞ்சிலுள்ளதையெல்லாம் கண்டவரிடம் கொட்டுதலன்று. நம் புண்ணை நாம் விரும்பியவர்க்கே காட்டலாம். மூடி வைத்தலும் குற்றமன்று.

ஆயினும் மௌனம் எல்லாம் தூயதென்றும் கொள்ளற்க. விரிசல் விட்ட பானையை விற்பவன் வாய் திறவாதிருப்பினும் வாங்குபவனை ஏய்த்தவனே ஆவான். ஏனெனில் பானையின் பயன் நீர் கொள்ளுதல். விரிசல் அப்பயனைக் கெடுப்பது. இவ்வளவுகோலையே வேலைக்கும் கொள்ளலாம். நோய் இன்றுள்ளதா? இந்த வேலையை அது கெடுக்குமா? பிறர் உயிருக்கு அதனால் ஊறு நேருமா? மூன்றில் ஒன்றிற்கேனும் "ஆம்" என்பது விடையாயின் மௌனம் தகாது. ஓட்டுநர் உரிமம் கேட்போர் வலிப்போ திடீர் மயக்கமோ உண்டா என்று படிவத்தில் உறுதி கூற வேண்டும். பேருந்தில் ஏறுவோர் உயிர் அதனைச் சார்ந்தது ஆதலின் அது நியாயமான கேள்வி. இரவு முழுதும் விழித்தால் நோய் மீளும் என்று மருத்துவர் எச்சரித்திருக்க, இரவுச் சிப்டு மட்டுமே உள்ள வேலையை ஒருவர் மூச்சுவிடாது ஏற்பாராயின் அவர் முதலில் தம்மையே ஏய்க்கின்றார். ஆனால், ஐந்தாண்டுகட்கு முன் மனச்சோர்வுற்று இன்று நலமாயிருப்பவர் கணக்கெழுதும் வேலைக்குச் செல்கையில், அவரிடம் விரிசல் ஏதுமில்லை. சுட்டு முடித்த பானை சூளையில் எத்துணை வெந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்பவர்க்கும் ஒரு முறையுண்டு என்பதை வினயம் காட்டுகின்றது. மகத நாட்டில் ஐவகை நோய்கள் பரவிய காலத்தில், சீவக வைத்தியரின் மருத்துவத்தைப் பெறுதற்கென்றே சிலர் சங்கத்திற் சேர்ந்தனர். ஒருவர் நோய் தீர்ந்தவுடன் துவராடை களைந்து வீடு திரும்பினார். சீவகர் முறையிட, அந்நோயுடையாரைச் சேர்த்தலாகாது என்று விதி பிறந்தது. அதன்பின் துறவு வேண்டி வருவோரிடம் குட்டம், கட்டி, தோல்நோய், எலும்புருக்கி, காக்கை வலிப்பு என்னும் ஐந்தும் உளவோ என்று கேட்கலாயினர். இங்கு மூன்றைக் கவனிக்க வேண்டும். காரணம் பற்றியே கேட்டனர். பெயர் குறித்த நோய்களையே கேட்டனர். "உளவோ" என்று இன்றைய நிலையைக் கேட்டனரேயன்றி, "என்றேனும் இருந்தனவோ" என்று பழையதைக் கிளறவில்லை. மேலும், சங்கத்தின் நடுவே கேட்டபோது வந்தவர் நாணி விடையிறுக்க மாட்டாது நின்றனர். அதுகண்டு, முதலில் தனியிடத்தே அழைத்து விளக்கிய பின்னரே கேட்க வேண்டும் என்று பகவன் திருத்தினார். கேட்கப்படுபவரின் நாணத்தையும் கருதிய சட்டம் அது.

இன்னும் நேராக நம் பொருளுக்குரியது கக்கா என்னும் பிக்குவின் வரலாறு. அவர் சித்தம் பிறழ்ந்திருந்த காலத்தில் துறவிக்குத் தகாதன பலவற்றைச் செய்தார், பேசினார். பின்னர்த் தெளிந்தார். தெளிந்தபின்னும் உடனுறைந்தோர், "இன்னது செய்தது நினைவுண்டா?" என்று அவரை விடாது குடைந்தனர். "சித்தம் கலங்கியிருந்தேன், மயக்கத்திற் செய்தேன், எனக்கு நினைவில்லை" என்று அவர் கூறியும் அவர்கள் ஓயவில்லை. இதனைக் கேட்ட பகவன் அவர்களைக் கண்டித்து, தெளிந்தவர்க்கென்றே ஒரு தீர்ப்பை வகுத்தார். அமூள்ஹ வினயம் என்பது அதன் பெயர். அத்தீர்ப்பைப் பெற்றவரை அக்காலத்துச் செயல்களைக் கொண்டு மீண்டும் குற்றஞ்சாட்டுதல் முறையன்று. நோயுற்ற காலம் முடிந்தது, கணக்கும் முடிந்தது. நோய் தீர்ந்தவரைப் பழங்கதையால் துன்புறுத்தலாகாது என்பதைச் சங்கம் வெறும் இரக்கமாக விடாது சட்டமாகவே எழுதிக்கொண்டது.

இன்றைய சட்டமும் ஓரளவு இவ்வழியே வந்துள்ளது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முன்பு மருத்துவம் பெற்றார் என்னும் ஒன்றையே கொண்டு ஒருவரை இன்றும் மனநோயாளர் என முடிவு கட்டலாகாது என்கின்றது. அவரது நோய்ச் செய்தியைக் காக்கும் உரிமையையும் அளிக்கின்றது. மாற்றுத் திறனாளர் உரிமைகள் பற்றிய 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைகளுள் மனநோயையும் சேர்த்து, அரசு நிறுவனங்கள் வேலையில் வேற்றுமை காட்டுதலைத் தடுக்கின்றது. எனினும், பிரிட்டனில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் வேலையை அளிக்குமுன் உடல்நலம் பற்றிக் கேட்பதைப் பெரிதும் தடுத்திருப்பது போன்ற வெளிப்படையான தடை, நம் நாட்டுத் தனியார் முதலாளிக்கு எழுதப்படவில்லை. ஆதலின், "மனநோய்க்கு எப்போதேனும் மருத்துவம் பெற்றதுண்டா? உண்டு, இல்லை" என்று கட்டம் போட்ட படிவங்கள் நம் பிள்ளைகள் கையில் வந்து சேர்கின்றன.

கடினமான இடம் இதுவே. கேட்டது நியாயமற்ற கேள்வி; ஆயினும் கேட்டுவிட்டனர். "இல்லை" என்று எழுதுதல் பொய், அதில் ஐயமில்லை. பொய்யென்பது மட்டுமன்று, ஆபத்துமாகும். பின்னர் வெளிப்படின் நோய்க்காக அன்று, பொய்க்காக வேலை போகும். அப்போது வாதாட வாயுமிராது. குற்றவழக்குகளை மறைத்தது பற்றி 2016இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றமும், படிவம் குறிப்பாகக் கேட்டதையே கூறக் கடமையுண்டு என்று வரையறுத்தது. கேட்டதைப் பொய்யாகக் கூறுவோர்க்கு அஃது அடைக்கலம் தரவில்லை.

அவ்வாறாயின் "உண்டு" என்று எழுதி வாயில் அடைபட வேண்டுமா? மூன்றாம் வழி ஒன்று உண்டென்று நாம் கருதுகின்றோம். கட்டத்தை வெறுமையாக விட்டு, "இவ்வேலையைச் செய்தற்குத் தகுதியுடையேன்; மருத்துவர் சான்று இணைத்துள்ளேன்" என்று எழுதலாம். நேரில் கேட்பின், "இவ்வேலைக்கு இடையூறான நோய் எனக்கு இன்று இல்லை, வேண்டுமாயின் தங்கள் மருத்துவர் என்னைச் சோதிக்கலாம்" என்று அமைதியாகக் கூறலாம். இதில் பொய்யுமில்லை, புண்ணைத் திறந்து காட்டுதலுமில்லை. இவ்வழியாலும் வேலை கிட்டாது போகலாம் என்பதை மறைக்கமாட்டோம். வெறுமையான கட்டமே சிலருக்கு விடையாகத் தோன்றும். சீலத்திற்கு விலையுண்டு, அவ்விலையை ஏழையே மிகுதியாகச் செலுத்துகின்றான் என்பது இவ்வுலகின் கொடுமை.

பசித்த குழந்தைகளை வீட்டில் வைத்துக்கொண்டு "இல்லை" என்று எழுதிவிட்டவரைக் கல்லெறியவும் நமக்கு மனம் வாராது. 1917இல் பரோடாவில் தங்க இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயர் எழுதித் தங்கிய பாபாசாகேபைத் தடி கொண்டு வந்து வெளியேற்றினர். அதனைப் படிக்கையில் பெயர் மாற்றியவர்மீதா நமக்குச் சினம் எழுகின்றது? இடம் மறுத்தவர்மீதன்றோ! சாதி எவ்வேலைக்கும் தடையன்று; நோயோ சில வேலைக்குத் தடையாகலாம்; இரண்டும் ஒன்றல்ல. ஆனால் விலக்குதற்கென்றே கேட்கும் கேள்வி எங்கும் ஒரே தன்மையது. பொய்யின் பாரத்தில் ஒரு பங்கு அதனைக் கேட்டவர் தோளிலும் ஏறும்.

ஆயினும் அவ்வாறு வேலை பெற்றவர்க்கு ஒன்று கூறுவோம். மறைத்தது வெளிப்படுமோ என்று அஞ்சி மாத்திரையை நிறுத்தாதீர். மருத்துவரைக் காணும் நாளைத் தவறவிடாதீர். வேலைக்காக மருந்தை விட்டவர் பின்னர் வேலையையும் விட நேர்ந்ததை நாம் கண்டிருக்கின்றோம். மருத்துவமனைக்குச் செல்ல இயலாத வேளையில், 2022 அக்டோபர் முதல் அரசு நடத்தும் டெலி மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். உடன் வேலை செய்வோருள் நம்பத்தக்க ஒருவரிடமேனும் காலமறிந்து கூறி வைத்தல் நலம். துன்பம் தலைகாட்டும்போது தாங்க ஒரு கை வேண்டுமன்றோ!

வெளிப்படையாகக் கூறவல்லார் கூறுக. அவர்க்கு நம் வணக்கம். கணவனையும் மக்களையும் பெற்றோரையும் ஒருசேர இழந்து பித்தேறித் திரிந்த படாசாரை, பின்னர் வினயம் அறிந்த பிக்குணியருள் தலைசிறந்தார். அவர் வரலாறு மறைக்கப்படவில்லை. ஆதலின் துயருற்ற பெண்கள் பலர் அவரை நாடி வந்தனர். ஆனால் அவ்வண்ணம் கூறுதல் கொடை, கடனன்று. கொடையை ஒருவர் சட்டைப் பையிலிருந்து பிடுங்குதல் முறையாகாது. சட்டம் அளிக்கும் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்போர் மட்டும் சான்று காட்டியே தீர வேண்டும். அது அவர் தாமே விரும்பி எடுக்கும் முடிவு.

இறுதியாக, வேலை தேடுவோரை விட்டு நம்மை நோக்குவோம். நம்முள்ளும் கடை வைத்திருப்போர் உளர், கட்டட வேலைக்கு ஆள் எடுப்போர் உளர், பட்டறை நடத்துவோர் உளர், "அந்தப் பையனா? அவனுக்கு முன்பு ஒருமாதிரி இருந்ததே" என்று கேளாமலே கூறிவிடும் அண்டை வீட்டாரும் உளர். வேலைக்கு வேண்டியதைக் கேளுங்கள், இன்றையதைக் கேளுங்கள், தனியே அழைத்துக் கேளுங்கள். சங்கம் அவ்வாறுதான் கேட்டது. நலம் பெற்று வந்தவன் பக்கத்தில் இழை அறுந்தால், முதலில் பஞ்சைப் பாருங்கள்.