உப்பு நீரில் வெள்ளரிப் பிஞ்சு

வேங்கிக்காலில் வெயில் ஏறிவிட்டால் கண் வெள்ளரிப் பிஞ்சைத் தேடும். கிரிவலப் பாதையில் அதைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பார்கள். கடித்த மாத்திரத்தில் தீர்ந்துபோகும் சுகம். அதே பிஞ்சை ஜாடியில் போட்டு உப்பு நீர் ஊற்றிவிட்டால், அது சொல்கிற நாள்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கிறது.

*

எண்ணெய் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு. பூ இருந்த நுனியைச் சீவிவிட வேண்டும். காயைக் குழையவைக்கும் நொதிகள் அங்கேதான் அதிகம். மேலைநாட்டார் இதில் போடும் ‘டில்’ விதை வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக் கடைச் சதகுப்பைதான். காய் மிதக்கக் கூடாது. சிறு தட்டை வைத்து அமுக்குங்கள்.

*

ஓரிரு நாளில் குமிழி வரும், நீர் கலங்கும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். காயோடு வந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் அதன் சர்க்கரையைப் புளிப்பாக்குகின்றன. கெடுக்கும் கிருமிகளை ஒதுக்கி, இவற்றுக்கு இடம் விடுவது உப்பு. பளிச்சென்ற பச்சை மங்கிப் பாசி நிறமாகும். புளிப்பு பட்டதும் பச்சையத்திலுள்ள மக்னீசியம் விலகிவிடுகிறது. குளிர்நாடுகளில் வாரக்கணக்கில் நடப்பது நம் வெக்கையில் சில நாளில் முடியும். மாவடு போட்டுப் பழகிய வீடுகளுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல.

*

வெள்ளரியின் சின்னஞ்சிறு இனம் கெர்கின். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஒப்பந்தச் சாகுபடியாக வந்து, தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பரவியது. 90 நாள் பயிர். ஒரு நாள் விட்டாலும் காய் பெருத்துவிடும். சிறுத்த காய்க்கே விலை அதிகம் என்பதால், அன்றன்றைக்குக் குனிந்து குனிந்து கையால்தான் பறிக்கிறார்கள். பிறகு பீப்பாய்களில் உப்பு நீரிலோ வினிகரிலோ அடைபட்டுக் கப்பலேறுகிறது. 2020-21இல் இந்த ஏற்றுமதி 20 கோடி டாலரைத் தாண்டியது. கெர்கின் ஏற்றுமதியில் உலகிலேயே முதலிடம் இந்தியாவுக்கு. சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகளின் உழைப்பு அது. அந்த முதுகுகளை நினைக்காமல் ஜாடியைத் திறக்க முடிவதில்லை.

*

இங்கே விளைந்ததன் ருசி இங்கேயே தெரியாமல் போவது எனக்குக் குறையாகவே படுகிறது. கெர்கின் கிடைக்காவிட்டால் என்ன, விதை முற்றாத நாட்டுப் பிஞ்சு போதும். இந்தக் கோடையில் ஒரு ஜாடி போடுங்கள். புளிப்பு ஏறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளுங்கள்.