தலைமையும் ஓர் உடைமையோ?

ஒரு நற்செயலை ஒருவரே முன்னின்று குறைவறச் செய்து முடிப்பது சிறப்பா? பலர் கூடிச் சில பிழைகளோடு செய்வது சிறப்பா? முதலாவதே சிறப்பென்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் திருத்தியது ஒரு தோட்டம். அதனை இவ்விதழின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில், 1937-ஆம் ஆண்டு வார்தா கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மணம் இன்னும் மறையவில்லை. கைத்தொழில் வாயிலாகக் கல்வி என்பது அதன் அடிப்படை. அந்த ஆர்வத்தோடு, நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தோட்டம் அமைத்தோம். கத்தரியும் வெண்டையும் தண்டுக்கீரையும் செழித்தன. வந்தவர் யாவரும் பாராட்டினர். எந்தப் பாத்திக்கு எப்போது நீர், எவ்விடத்தில் எவ்விதை என்பனவற்றை நாமே முடிவு செய்தோம். விதைப் பெட்டியின் சாவி நம் மேசையில் இருந்தது. மாணவியர் சொன்னதைச் செய்தனர்.

மாற்றலாகிச் சென்ற ஓராண்டுக்குப் பின் அவ்வழியே போக நேர்ந்தது. தோட்டத்தில் நெருஞ்சி மண்டிக் கிடந்தது. பின்வந்தோரைக் குறைகூறவே மனம் முதலில் விரைந்தது. சற்று நின்று எண்ணியபோதுதான் உண்மை விளங்கிற்று. எட்டு ஆண்டுகள் செடிகளை வளர்த்த நாம், தோட்டம் காக்கத் தெரிந்த ஒருவரைக்கூட வளர்க்கவில்லை. குற்றம் நம்முடையதே.

இச்சிக்கலை நம் நாட்டார் முன்பே அறிந்திருந்தனர். காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையைப் பாடநூலில் படித்த நம்மிற் பலர், அங்கே தோட்டத்துக்கெனத் தனி வாரியம் இருந்ததை மறந்துவிடுகின்றோம். தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர். ஏரி வாரியத்திற்கு அறுவர். பதவிக்காலம் 360 நாட்கள். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். நன்றாகச் செய்தவரும் இறங்கி நின்று பிறர்க்கு இடம்விட வேண்டும் என்பதே இவ்விதியின் நுட்பம்.

எனினும் அச்சபையில் நிலமும் மனையும் கல்வியும் உடைய ஆடவர்க்கே இடமிருந்தது. மண்வெட்டி பிடித்தவர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. அதற்கும் முன்னரே, நம் வாசகர் நன்கறிந்த கழுகுமலையில், தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்தில் பொறித்த பெயர்களைக் காண்கின்றோம். பல ஊரார் செய்வித்த உருவங்கள் அவை. அப்பெயர்களிடையே குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உள்ளன. பலர் கை சேர்ந்த பணி நிலைக்கும் என்பதற்கு அம்மலையே சான்று.

பணி ஓய்வுக்குப் பின் நாம் வாழ்வது, தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில். எங்கள் தெருக்கோடியில் கிடந்த வெற்று மனையில், உரியவர் இசைவுடன் ஒன்பது வீட்டார் சேர்ந்து காய்கறித் தோட்டம் இட்டோம். இம்முறை மூன்று விதிகள் வகுத்துக்கொண்டோம். கார் பருவம் தொடங்கும்போதும் பிசானம் தொடங்கும்போதும் சீட்டுக் குலுக்கிச் சாவியை மாற்றுவது. வரவு செலவை எல்லாரும் காணும் நோட்டில் எழுதுவது. சாவியைக் கொடுத்தவர், கேட்டாலன்றி யோசனை கூறாதிருப்பது. மூன்றாவது விதியே கடினமானது என்பதை விரைவில் அறிந்தோம்.

முதற் சீட்டு, அப்பளம் இடும் வேலைக்குச் செல்லும் இளம்பெண் ஒருவர்க்கு விழுந்தது. அவர் அளவுக்கு மீறி நீர் பாய்ச்சினார். கத்தரி நாற்றுகள் தலை சாய்ந்தன. காரணம் நமக்குத் தெரியும், நா துடித்தது, அடக்கிக்கொண்டோம். மூன்றாம் நாள் மாலை, வேர் அழுகிய நாற்றொன்றைக் கையில் ஏந்தி வந்து, "டீச்சர், தண்ணி கூடிப்போச்சோ?" என்றார். அவர் தாமே கண்டறிந்துவிட்டார். நாம் முன்னரே சொல்லியிருந்தால் நாற்று பிழைத்திருக்கும். அந்தக் கண் அவருக்குத் திறந்திராது.

பின்னர் அவரைக்கொடியில் அசுவினி கண்டது. மருந்து தெளிக்கலாம் என்றார் ஒருவர். உயிர்வதை வேண்டா என்ற நமக்கோ மாற்று வழி தெரியவில்லை. அப்பெண்ணே அடுப்புச் சாம்பலைத் தூவிப் பார்க்கலாம் என்றார். கொடியில் பாதி தப்பியது. நமது சான்றிதழ்களில் இல்லாத அறிவு அது. சாவி நம்மிடமே இருந்திருந்தால் அவர் வாய் திறந்திருப்பாரா?

கோடையில் கன்னடியன் கால்வாயில் நீர் நின்றபோது தோட்டத்துக் கிணறும் வற்றியது. வீடுகளிலிருந்து குடத்தில் நீர் சுமந்துவர வேண்டியிருந்தது. ஒன்பதில் ஏழு வீட்டார் வந்தனர். வராத இருவர் இன்னும் சாவி ஏந்தாதவர் என்பதைக் குறித்துக்கொண்டோம். அவர்களைக் கடிவதைவிட அடுத்த சாவியை அவர்களுக்கு அளிப்பதே முறை என்று எல்லாரும் இசைந்தனர்.

தலைவர் இல்லாவிடில் பணி சிதறும் என்பர். உண்மையே. ஆகவேதான் எந்நாளும் ஒருவர் கையில் சாவி இருத்தல் வேண்டும். ஆயின் அது எப்போதும் ஒரே கையில் இருத்தல் ஆகாது.

மிகுபொருள் விரும்பாமையை இல்லறத்தார்க்குரிய விரதங்களுள் ஒன்றாகப் போற்றுகின்றோம். பொன்னுக்கும் மண்ணுக்கும் அளவு வகுக்கின்றோம். "என்னால்தான் நடக்கிறது" என்னும் எண்ணமும் ஓர் உடைமை அன்றோ? அதற்கு அளவு வகுத்தோமா? ஆலயப் பணியிலும் சங்கப் பொறுப்பிலும், ஏன், வீட்டு அடுக்களையிலும்கூட முதியோராகிய நம் கையில் எத்தனையோ சாவிகள் உள்ளன. கை நடுங்கித் தாமாக நழுவும் முன், கற்றுக்கொடுக்க வலிமை உள்ளபோதே அவற்றைக் கைமாற்றுவோமாக. பெறுவோர் பிழை செய்யும்போது அருகில் இருந்து பொறுப்போமாக.